ஊட்டியில் மட்டும் நன்றாக ஓடிய அம்பாசடர்: ஒரு கார்புரேட்டர் தேர்வு

எங்கள் வீட்டு அம்பாசடர் 1978-ஆம் ஆண்டு மார்க் 3. அப்பா ஓட்டி, பிறகு ஆறு வருடம் தார்ப்பாய்க்குள் தூங்கி, கடைசியில் என் கைக்கு வந்தது. கோவை அவிநாசி சாலையில் அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. அறுபதில் சீராகப் போகும்போதே முன்னும் பின்னுமாக இழுக்கும். சிக்னலில் இருந்து கிளம்ப மிதித்தால் ஒரு விக்கல், அதன் பிறகுதான் நகரும். அதே வண்டி குன்னூர் தாண்டி ஊட்டிக்குள் நுழைந்ததும் பட்டுப்போல் ஓடியது. அங்கே இரண்டு நாள் சுற்றிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் பழையபடி விக்கல்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் கருவி. அது உள்ள வண்டி ஓட்டியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். மலை ஏறினால் காற்று மெலியும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை செறிவாகி, புகை கக்கி, வண்டி சோர்ந்துபோகும். சமவெளியில் நன்றாக ஓடி மலையில் திணறுவதுதான் வழக்கம். எங்கள் வண்டிக்கு மட்டும் மலைக்காற்று ஒத்துக்கொண்டது.

'கார்ப் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்' என்று சொல்லாதவர் இல்லை. எதை மாற்றுவது என்பதில் மட்டும் ஆளுக்கொரு பதில். ஒருவர் மாருதி 800-இன் கார்பைப் போடச் சொன்னார். இன்னொருவர் எஸ்யூ என்ற இங்கிலாந்துக் கார்பை இரட்டையாகப் போடச் சொன்னார். மூன்றாமவர் வெபர் என்ற இத்தாலியக் கார்பின் பெயரைச் சொல்லும்போதே கண்ணை மூடிக்கொண்டார். ஆறு மாதம் இதிலேயே கழிந்தது. கடைசியில் என்ன போட்டேன் என்பதைவிட, எதையெல்லாம் அளந்த பிறகு போட்டேன் என்பதுதான் இன்னொருவருக்குப் பயன்படும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

உள்ளங்கைச் சோதனை

வண்டியில் அப்போது இருந்தது ஒற்றை சோலெக்ஸ் கார்ப், மேலிருந்து கீழே காற்றிழுக்கும் வகை. நாற்பது வருடமாக அம்பாசடரோடு வாழ்ந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றினார். வண்டியை நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கார்பின் வாயை உள்ளங்கையால் மெதுவாக மூடிக்கொண்டே வந்தார். பாதி மூடியதும் இன்ஜின் அடங்குவதற்குப் பதிலாக வேகமெடுத்தது. அதுவரை இருந்த தடுமாற்றமும் நின்றது.

"தம்பி, காற்றைக் குறைத்தால் நன்றாக ஓடுகிறது. அப்படியென்றால் இதற்குப் பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் எங்கேயோ திருட்டுக் காற்று போகிறது. கார்ப் வாங்கும் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"ஊட்டியில் மட்டும் ஏன் அண்ணா சரியாகிறது?"

"அங்கே காற்றே குறைவுதானே. நான் கையால் மூடியதை அங்கே மலை மூடுகிறது."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பிறகு எங்கும் படிக்கவில்லை.

திருட்டுக் காற்றைத் தேடியதில் இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்று, திராட்டில் தண்டு; மிதிக்கும்போது கார்புக்குள் திறக்கும் தகட்டை (திராட்டில்) தாங்கும் தண்டு அது. அதை விரலால் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. வண்டி ஓடும்போது அந்த முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஐட்லிங், அதாவது மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், மாறியது. எஃகுத் தண்டு, மென்மையான துத்தநாகக் கலவை உடல். ஐம்பது வருடத்தில் தண்டு உடலைத் தின்றுவிடுகிறது. இரண்டாவது, தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டப்பா; வெற்றிடத்தால் தீப்பொறியின் நேரத்தை மாற்றுவது. அதற்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்தேன். வெற்றிடம் நிற்கவில்லை. உள்ளே இருந்த ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகக் காற்று உள்ளே போனதோடு, பாதி மிதியில் தீப்பொறி முன்கூட்டி வர வேண்டிய வேலையும் நின்றுபோயிருந்தது. மந்தத்தில் ஒரு பங்கு இதனால்தான். கார்ப் வீணாகப் பழி சுமந்தது.

கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கார்பின் உடலைக் குடைந்து தண்டு சுழல வெண்கல புஷ் (வளையம்) இறக்கினார்கள். வேக்கம் டப்பாவைப் புதிதாக மாற்றினேன். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலுக்குத் தாங்கும் பெட்ரோல் குழாயையும் அப்போதே போட்டுக்கொண்டேன். பழைய ரப்பர் குழாய் வெட்டும்போதே பிசுபிசுத்தது.

அளவு சொன்னது

கண்ணாலும் காதாலும் போகும் தூரம் இவ்வளவுதான் என்று தோன்றியதால் புகையை வைத்துக் கலவையை அளக்கும் லாம்டா மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். சைலன்சர் குழாயில் ஒரு நட்டைப் பற்றவைத்து அதில் சென்சாரைத் திருகவேண்டும். லாம்டா 1 என்றால் காற்றும் எரிபொருளும் மிச்சமில்லாமல் எரியும் கலவை. அதற்கு மேல் போனால் காற்று அதிகம், பட்டறைகளில் லீன் என்பது. கீழே வந்தால் ரிச்.

முதல் ஓட்டம் பழுது பார்ப்பதற்கு முன்பே நடந்தது. அறுபது கிலோமீட்டரில் சீராகப் போகும்போது கோவையில் 1.15, ஊட்டியில் 1.05. புஷ்ஷும் டப்பாவும் மாற்றிய பிறகு கோவையில் அதே வேகத்தில் 1.09, முழு மிதியில் 0.99. முழு மிதியில் இந்த இன்ஜினுக்கு 0.88 வாக்கில் வேண்டும். திருட்டுக் காற்றை அடைத்த பிறகும் கலவை மெலிந்தே இருந்தது.

மீதிக் குற்றவாளி பெட்ரோல் பங்கில் இருக்கிறான். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அது தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தானே சுமந்து வருகிறது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு 13.5 கிலோ அளவில் வருகிறது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைதான் ஜெட். சுத்தப் பெட்ரோலுக்கு அளந்து துளைத்த ஜெட் வழியாக இந்த எரிபொருள் போனால் கலவை சுமார் எட்டு சதவீதம் மெலிந்துபோகும். இன்றைய வண்டிகளில் கணினி இதைச் சரிக்கட்டுகிறது. சோலெக்ஸுக்கு அந்த அறிவு கிடையாது.

கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240. மேலே காற்றின் அடர்த்தி குறைவதால் கார்புரேட்டர் கலவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செறிவாகிறது. எத்தனால் எடுத்ததை மலை திருப்பிக் கொடுத்துவிட்டது. புதிருக்கு விடை அவ்வளவுதான்.

என்னுடைய சோலெக்ஸின் மெயின் ஜெட்டில் 125 என்று பொறித்திருந்தது. துளையின் விட்டம் 1.25 மில்லிமீட்டர் என்று பொருள். 130 போட்டால் துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூடும். நூற்றைம்பது ரூபாய் ஜெட். போட்டதும் சீர் ஓட்டத்தில் 1.01, முழு மிதியில் 0.92. விக்கலில் முக்கால் பங்கு போய்விட்டது. 'கார்ப் மாற்றவேண்டும்' என்று நினைக்கும் பத்தில் எட்டுப் பேர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். நானும் நிறுத்தியிருப்பேன். வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜ் வேறொன்றைக் காட்டாமல் இருந்திருந்தால்.

பெரிய கார்ப் வேண்டுமா என்று முடிவு செய்ய இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. கார்பிலிருந்து இன்ஜினுக்குக் கலவை போகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு வேக்கம் கேஜை மாட்டி, குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, ஆள் நடமாட்டமில்லாத ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக மிதிக்கவேண்டும். திராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது உள்ளே வெற்றிடமே இருக்கக்கூடாது. முள் பூஜ்யத்துக்கு அருகில் நின்றால், இன்ஜின் கேட்கும் காற்றைக் கார்ப் தடையில்லாமல் விடுகிறது; பெரிய கார்ப் வீண் செலவு. என் வண்டியில் 2,500 சுற்று வரை முள் அடங்கிக் கிடந்தது. 3,800-ஐ நெருங்கும்போது இரண்டரை இஞ்சு பாதரசம் காட்டியது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. மேல் வேகத்தில் அந்த அளவுக்குக் காற்று சோலெக்ஸின் கழுத்திலேயே மாட்டிக்கொள்கிறது.

அதாவது, கீழ் வேகத்தில் இந்தக் கார்புக்கு ஒரு குறையும் இல்லை. மேலே மட்டும் மூச்சு முட்டுகிறது. எனக்கு வேண்டியது இரண்டையும் பார்த்துக்கொள்ளும் ஒன்று.

இரண்டு துளைக்கு நான்கு வாய்

கடைக்குப் போகுமுன் இன்ஜினைப் பற்றி ஒரு சங்கதி. அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜின் இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனத்தின் பி வரிசை. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டிக்கும் இங்கிலாந்தில் ஓடிய எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்கும் அடிப்படை ஒன்றுதான். சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9. நம் வண்டி 50 குதிரைத்திறனை ஒட்டித் தந்தது. எம்ஜிஏ இரட்டை எஸ்யூ போட்டு 68-இல் தொடங்கி 72 வரை போனது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் இரட்டை எஸ்யூ ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் எம்ஜிஏவின் அழுத்த விகிதம் 8.3, அன்றைய தரம் குறைந்த பெட்ரோலுக்காக நம் வண்டியில் அது ஏழைச் சற்றே தாண்டியது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் வேறு. கார்பை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால் அந்த எண் கூடவே வராது.

இன்னொன்று, இந்த இன்ஜினின் தலையில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து, கலவை நுழைய இரண்டே இன்டேக் துளைகள். ஒன்றும் இரண்டும் ஒரு துளையைப் பங்கிடும். மூன்றும் நான்கும் மற்றொன்றை. எரியும் வரிசை 1-3-4-2. இதைத் தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது இழுத்து முடிக்கும்போதே நான்காவது இழுக்கத் தொடங்குகிறது. அடுத்து இரண்டும் ஒன்றும் அதே கதை. ஒரு துளையின் பக்கம் நின்று பார்த்தால்: ஒரு மிடறு, உடனே இன்னொரு மிடறு, பிறகு அதே அளவு நேரம் ஓய்வு.

துளைக்கு ஒன்றாக இரண்டு கார்ப் வைத்தால் ஒவ்வொன்றும் இப்படித்தான் வேலை செய்யவேண்டும். பாதி நேரம் முழு இன்ஜினுக்கும் ஊட்டுவதுபோல் ஓடி, மீதி நேரம் சும்மா இருக்கும். நடுவில் ஒரே கார்ப் இருந்தால் அதற்கு ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு மிடறு, சீராக வந்துகொண்டே இருக்கும். எம்ஜிஏ அளவுக்கு விரட்டாத ஓர் இன்ஜினுக்கு ஒற்றைக் கார்ப் கௌரவக் குறைவில்லை என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். இரட்டைக் கார்பை ஒன்றோடொன்று இசைத்து வைத்திருக்கும் பொறுமையும் என்னிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவையைக் கணக்கிடுவது எளிது. 1.489 லிட்டர், 4,200 சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இழுப்பு, எண்பது சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு 2,500 லிட்டர் காற்று. கார்ப் விற்பவர்களின் மொழியில் 88 கன அடி. இந்த எண்ணோடு சந்தையைப் பார்த்தபோது பட்டியல் தானாகவே சுருங்கியது.

மாருதி 800-இன் கார்ப் 796 சிசி மூன்று சிலிண்டருக்குச் செய்தது. எங்கும் கிடைக்கும், மைலேஜ் கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும், குறுகிய கழுத்தை இன்னும் குறுக்கினால் வண்டி மெதுவாகப் போகும், பெட்ரோலும் குறையும். என் நோய்க்கு அது மருந்தல்ல. வெபர் 40 அல்லது 45, பக்கவாட்டில் இரட்டை வாயோடு படுத்திருக்கும் அந்த இத்தாலிய அழகி, பந்தயத்துக்குப் பொருத்தம். பஞ்சாயத்துச் சாலையில் மூன்றாம் கியரில் ஊர்பவனுக்கு எதற்கு? பார்வைக்கு மட்டும் வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை.

உண்மையான போட்டி இரண்டுக்குள்தான் இருந்தது. ஒன்று வெபர் 32/36: 32 மில்லிமீட்டர் வாய் ஒன்று முதலில் திறக்கும், மிதியை ஆழமாக அழுத்தினால் 36 மில்லிமீட்டர் வாயும் சேர்ந்துகொள்ளும். நல்ல கார்ப். ஆனால் கலவையைத் திருத்த ஒவ்வொரு வாய்க்கும் மெயின் ஜெட், காற்று ஜெட், ஐடில் ஜெட் என்று ஒரு டப்பா நிறைய உதிரி வேண்டும். கோவையில் அவை கிடைக்காது. தவறான எண்ணை வாங்கினால் அடுத்த பார்சலுக்கு ஒரு மாதம். மற்றொன்று எஸ்யூ எச்எஸ்4, ஒன்றரை இஞ்சு. இதே கார்ப் ஒற்றையாக 1,275 சிசி மினி ஜிடியில் இருந்து, 59 குதிரைத்திறன் வரை ஊட்டியது. என் தேவைக்கு அது போதும், கொஞ்சம் மிச்சமும் உண்டு.

எஸ்யூவின் தத்துவமே வேறு. அதன் கழுத்து நிலையானதல்ல. ஒரு பிஸ்டன் மேலிருந்து கழுத்தை மறித்து நிற்கும். இன்ஜின் எவ்வளவு காற்றைக் கேட்கிறதோ அவ்வளவுக்குத் தானே உயரும். மெதுவாகப் போகும்போது கழுத்து குறுகல், விரட்டும்போது அகலம். சோலெக்ஸின் இரண்டு குணங்களில் நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை விட்டுவிடுகிறது. பிஸ்டனின் அடியில் தொங்கும் கூர்ந்த ஊசி ஜெட்டுக்குள் ஏறி இறங்கி, பெட்ரோலையும் அதே கணக்கில் அளக்கும். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்புக் கடைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆரம்ப மாதிரிகளில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தியை வைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எஸ்யூ என்பதே ஸ்கின்னர்ஸ் யூனியனின் சுருக்கம்.

ஊசியைத் தேய்த்தது

இங்கிலாந்திலிருந்து பழைய எச்எஸ்4 ஒன்றை, உறவுக்காரர் வழியாக வரவழைத்தேன். விற்றவர் 'முழுவதும் புதுப்பித்தது' என்று எழுதியிருந்தார். பெட்டியைப் பிரித்து முதல் வேலையாகத் திராட்டில் தண்டை ஆட்டினேன்; அதுவும் ஆடியது. மறுபடியும் கணபதி, மறுபடியும் வெண்கல புஷ். வண்டியில் இருந்த மேனிஃபோல்டு மேல்வாய் கார்புக்கானது; எஸ்யூ பக்கவாட்டில் உட்காரும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பழைய அம்பாசடர் ஒன்றின் எஸ்யூ மேனிஃபோல்டு கிடைத்தது. அதன் வாய் சிறியது, ஆணித் துளைகளும் பொருந்தவில்லை. பன்னிரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் இடைப்பலகை ஒன்றைக் கடைந்து, மேனிஃபோல்டின் வாயை 38 மில்லிமீட்டரில் தொடங்கி உள்ளே சரிவாகக் குடைந்தோம். இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்ப் நேராக அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் துண்டும், அடியில் ஒரு தகரத் தடுப்பும் இல்லாமல் கோடைக்காலத்தில் ஓட்டக்கூடாது.

மாட்டியதும் வண்டி கிளம்பியது. வேக்கம் கேஜ் முழு மிதியில் 3,800 சுற்றில் ஓர் இஞ்சுக்குள் நின்றது. அந்த ஒரு எண்ணுக்காகவே செலவு நியாயம் என்று அன்று தோன்றியது. லாம்டாதான் சிரித்தது: ஐட்லிங்கில் சரி, முழு மிதியில் சரி, நடுவில் அறுபது எழுபதில் 1.10.

எஸ்யூவில் ஜெட்டைத் தாங்கும் ஓர் ஆறுமுக நட்டு அடியில் இருக்கும். அதைக் கீழே இறக்கினால் எல்லா வேகத்திலும் கலவை செறியும். எனக்கு நடுவில் மட்டும் வேண்டும். அதற்கு ஊசியைத்தான் தொடவேண்டும். ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கான ஊசிகளை எழுத்துப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்; சரியானதைத் தேடி வரவழைக்கலாம். மெக்கானிக் அண்ணன், "கையில் இருப்பதைத் தேய்க்கலாம் தம்பி, கெட்டால் ஓர் ஊசிதானே" என்றார்.

ஊசியின் நீளத்தில் எட்டில் ஒரு இஞ்சுக்கு ஒன்றாகக் குறியிட்டு, மைக்ரோமீட்டரால் ஒவ்வோர் இடத்தையும் அளந்து எழுதிக்கொண்டோம். அறுபது கிலோமீட்டரில் பிஸ்டன் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க, பிஸ்டனின் அசைவை எண்ணெயால் தணிக்கும் டேம்பரின் மூடியில் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி ஓட்டிப் பார்த்தேன். அந்த உயரத்தில் ஊசியின் விட்டம் 1.98 மில்லிமீட்டர், ஜெட்டின் துளை 2.29. இடையில் உள்ள வளையம் வழியாகத்தான் பெட்ரோல் வருகிறது. அந்த வளையத்தை எட்டு சதவீதம் பெரிதாக்க ஊசியில் எவ்வளவு குறைக்கவேண்டும் என்று கணக்குப் போட்டால் 0.027 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது.

ஊசியைச் சிறிய லேத்தில் பிடித்து மெதுவாகச் சுழலவிட்டார்கள். 800-ஆம் எண் எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, இரண்டு விரலுக்கிடையே மடித்து, பத்து எண்ணும் வரை பிடிப்பது, துடைப்பது, அளப்பது. மைக்ரோமீட்டர் ஒரு கோடு நகரவே நான்கு முறை பிடிக்கவேண்டியிருந்தது. இருபுறமும் படி விழாமல் சரிவாக இணைக்கவேண்டும் என்பதால் முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்து மேசையில் பம்ப் செட் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து, "இவ்வளவு நேரமாக எதையும் குறைத்த மாதிரியே தெரியவில்லையே" என்றார்.

மாட்டி ஓட்டியபோது சீர் ஓட்டத்தில் 1.02, முழு மிதியில் 0.88.

செலவை மறைக்கவேண்டியதில்லை. கார்ப், தபால், சுங்கம் சேர்த்து 31,000 ரூபாய். லேத் வேலையும் மேனிஃபோல்டும் 9,000. நெடுஞ்சாலையில் நிரப்பி நிரப்பிப் பார்த்த மைலேஜ் 10.2-இலிருந்து 11.1. இந்தக் கணக்கில் கார்ப் தன் விலையை மீட்க என் பேரன் காலம் ஆகும். நூற்றைம்பது ரூபாய் ஜெட்டும், புஷ்ஷும், வேக்கம் டப்பாவும் நோயில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டன. எஸ்யூ தந்தது மேல் வேகத்து மூச்சு. பர்லியாறு தாண்டியதும் வரும் நீண்ட ஏற்றத்தில் முன்பு இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டியிருந்த இடத்தில் இப்போது மூன்றிலேயே ஏறுகிறது. அது எனக்குப் போதும். ஊட்டிப் பக்கமே போகாதவருக்கு இந்த 40,000 ரூபாயைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய தொல்லைகளும் உண்டு. டேம்பரில் எஸ்ஏஇ 20 எண்ணெய் குறைந்தால் பழைய விக்கல் எட்டிப் பார்க்கிறது. மாதம் ஒரு முறை மூடியைத் திருகிப் பார்க்கவேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் அடம் பிடிக்கிறது.

கோவைக்குக் கலவையைச் சரிசெய்த பிறகு முதல் முறை ஊட்டிக்குப் போனபோது பிளக்குகள் கரியாகிவிட்டன. லாம்டா 0.93. இப்போதுதான் அது மற்ற கார்புரேட்டர் வண்டிகளைப்போல் நடந்துகொள்கிறது. அதனால் குன்னூரில் டீ குடிக்க நிறுத்தும்போது பானெட்டைத் திறந்து, அடியில் இருக்கும் அந்த ஆறுமுக நட்டை இரண்டு முகம் மேலே ஏற்றிவிடுகிறேன். இறங்கி வரும்போது அதே கடையில் இரண்டு முகம் கீழே. கடைக்காரர் முதல் இரண்டு முறை, வண்டி கெட்டுவிட்டதா என்று கேட்டார். இப்போது ஸ்பேனரைப் பார்த்ததும் டீ போடத் தொடங்கிவிடுகிறார்.